கிணற்றில் கடைசியாக விழுந்தவர்

காட்டுவேலம்பாளையத்தில் நாச்சிமுத்து, சென்னியப்பன், ராக்கியப்பன் என்று மூன்று நண்பர்கள் இருந்தார்கள். மூவரும் சேர்ந்து படித்து முடித்த புத்தகம் ஒன்றே ஒன்றுதான். அது ஒரு சீட்டு விளையாட்டின் விதிப்புத்தகம். மந்திரவாதிகளும் நாகங்களும் அச்சிட்ட சீட்டுகளை வைத்து ஆடும் ஆட்டம் அது. அதில் இரண்டு விதிகள் அவர்களுக்கு மனப்பாடம். ஒரு சீட்டை வைத்தவர் "பதில் உண்டா?" என்று கேட்க வேண்டும், எதிராளி "இல்லை" என்ற பிறகே அது பலிக்கும். பதிலுக்கு மேல் பதிலாகச் சீட்டுகளை அடுக்கிக்கொண்டே போனால், கடைசியாக வைத்தது முதலில் பலிக்கும். முதலில் வைத்தது கடைசியில்.

நல்ல விதிகள்தான். அவற்றைச் சீட்டோடு நிறுத்திக்கொள்ளும்படி புத்தகத்தில் எங்கும் எழுதியிருக்கவில்லை.

டவுனில் நடந்த அந்தச் சீட்டாட்டப் போட்டியில் நாச்சிமுத்து இறுதி ஆட்டத்துக்குத் தேர்வாகியிருந்தார். பதினொரு மணிக்குள் போய்ப் பெயர் கொடுக்காவிட்டால் பரிசு எதிராளிக்கு. ஊருக்கு வருவதோ ஒரே பேருந்து, பத்து மணிக்கு. ஒன்பதரைக்கே மூவரும் நிறுத்தத்துக்கு வந்து, பக்கத்துக் கிணற்றுச் சுவரில் உட்கார்ந்து பயிற்சி செய்தார்கள். நல்ல சீட்டு ஒன்று வந்த மகிழ்ச்சியில் நாச்சிமுத்து பின்னால் சாய்ந்தார்.

கிணற்றில் மார்பளவு தண்ணீர். "கயித்தப் போடுங்கப்பா," என்றார் உள்ளிருந்து.

சென்னியப்பன் கயிற்றை எடுத்தார். போடுமுன் ராக்கியப்பனிடம் முறையாக, பதில் உண்டா என்று கேட்டார். ராக்கியப்பன் ஐந்து நிமிடம் யோசித்து, இல்லை என்றார். உடனே சென்னியப்பன் கயிறு முழுவதையும் உள்ளே போட்டார். வைத்த சீட்டின் நுனியைக் கையில் பிடித்துக்கொண்டிருப்பது அழுகுணி ஆட்டம் என்பது அவர் கருத்து.

இப்போது கிணற்றுக்குள் முதலில் போனது நாச்சிமுத்து, கடைசியாகப் போனது கயிறு. ஆகவே கயிறுதான் முதலில் வெளியே வர வேண்டும். கயிற்றுக்குத் தானாக ஏறத் தெரியாது என்பதால், அதை எடுத்துவர ராக்கியப்பன் குதித்தார்.

ஆடு மேய்க்க வந்த கருப்பாத்தாள் கிணற்றை எட்டிப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல், தன்னிடமிருந்த கயிற்றை வேப்பமரத்தில் கட்டி உள்ளே விட்டாள். நாச்சிமுத்து அதைப் பற்றி விறுவிறுவென்று மேலே ஏறி வந்துவிட்டார். தொலைவில் பேருந்தின் ஹாரன் கேட்டது.

கதை இங்கேயே முடிந்திருக்கலாம்.

"நில்லு மாப்ள," என்றார் ராக்கியப்பன் கிணற்றுக்குள்ளிருந்து. "கடைசியா வந்தவன் நானு. எனக்கு முந்தி நீ ஏறுனது செல்லாது."

நாச்சிமுத்துவின் முகம் வெளுத்தது. செல்லாத ஏற்றத்தோடு போய் ஜெயித்தால், அந்த ஜெயமும் செல்லாதே என்று கலங்கினார். சென்னியப்பன் நெடுநேரம் தாடையைத் தடவினார்.

"மொதல்ல ஏறோணும்னா, கடைசியா உளுந்திருக்கோணும்."

"நாந்தான் மொதல்லயே உளுந்துட்டனே."

"அதுக்கென்ன? இப்ப வெளியதான நிக்கறே."

நாச்சிமுத்துவின் முகம் தெளிந்தது. இத்தனை எளிய வழி தனக்குத் தோன்றாமல் போயிற்றே என்று வெட்கப்பட்டார்.

"ஏனுங்க, பஸ்ஸு வந்துருச்சுங்க. ஏறிப் போங்க," என்றாள் கருப்பாத்தாள். ஆட்டத்தில் சேராதவர் சொல்வது பதிலாகுமா என்று மூவரும் ஆராய்ந்து, ஆகாது என்று முடிவு செய்தார்கள். நாச்சிமுத்து, பதில் உண்டா என்று மேலும் கீழும் பார்த்துக் கேட்டார். இல்லை என்று இரண்டு பக்கமும் விடை வந்ததும் குதித்தார்.

பேருந்து வந்து நின்றது. கண்டக்டர் இறங்கிப் பார்த்தார். ஒரு பெண், ஏழெட்டு ஆடுகள், கிணற்றுக்குள் தலையை நீட்டியிருந்த ஓர் ஆள். இவர்களில் யாரும் டவுனுக்குப் போகிறவர்களாகத் தெரியவில்லை. விசில் கொடுத்தார்.

"பஸ்ஸுச் சத்தம் கேட்டுதே," என்றார் நாச்சிமுத்து உள்ளிருந்து. "போயிருச்சா?"

சென்னியப்பன் புழுதி அடங்கும்வரை சாலையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நம்ம எல்லாத்துக்கும் கடைசியா வந்துது. மொதல்ல போயிருச்சு."



"அப்ப முறைப்படிதான் போயிருக்குது," என்றார் நாச்சிமுத்து, நிம்மதியாக.