சிறுத்தையின் கார்ச் சக்கரங்கள்

பள்ளக்காட்டுச் சிறுத்தையிடம் ஒரு சிவப்புப் பந்தயக் கார் இருந்தது. மேட்டுக்காட்டு நரியிடம் ஒரு கறுப்புக் கார் இருந்தது. இரண்டு காடுகளுக்கும் நடுவில் ஒரே ஒரு குளம்.

ஒவ்வொரு கோடையிலும் இரண்டு கார்களும் அந்தக் குளத்தைச் சுற்றிப் பந்தயம் ஓடும். ஜெயித்த காட்டு மிருகங்கள்தான் கோடை முழுக்க முதலில் தண்ணீர் குடிக்கும். தோற்றவர்கள் பிறகுதான் வரவேண்டும். போன இரண்டு கோடையும் பள்ளக்காடு தோற்றது. அவர்களுக்குச் சேறுதான் மிஞ்சியது. மான்குட்டிகள் நாக்கு வறண்டு அலைந்தன.

இந்தத் தடவை சிறுத்தையின் காருக்குப் புதிய சக்கரங்கள் வந்திருந்தன. மண்ணைக் கவ்விப் பிடிக்கும் அகலமான சக்கரங்கள்! பந்தயத்துக்கு இரண்டு நாள் இருந்தது. காரைப் புதரோரம் நிறுத்திப் பூட்டி, கதவருகே எருமையைக் காவல் வைத்துவிட்டு, சிறுத்தை மதியம் கண்ணயர்ந்தது.

எழுந்து பார்த்தால், புதர்ப்பக்கத்துச் சக்கரங்கள் இரண்டையும் காணோம்! கார் கருங்கற்கள்மேல் உட்கார்ந்திருந்தது!

"எருமையண்ணே! என்ன காவல் காத்தீங்க?"

"கதவை விட்டுக் கண்ணை எடுக்கலையேம்மா! ஒரு ஈகூட உள்ளே போகலை!"

"நானும் பூட்டித்தானே வைத்தேன்!" என்று அழுதது சிறுத்தை.

மெக்கானிக் பெருச்சாளி செய்தி கேட்டு ஓடிவந்தது. அதன் மீசையெல்லாம் கிரீஸ். "நல்லாத்தான் பூட்டினீங்க அக்கா! சக்கரம் என்ன கதவுக்கு உள்ளேயா இருக்கு?"

அது பழைய சக்கரங்கள் இரண்டைக் கொண்டுவந்து மாட்டியது. "நம்மகிட்ட வேற சக்கரம் கிடையாது. மிச்சம் ரெண்டு புதுச் சக்கரம் இருக்கே, அதுக்காகத் திருடன் கட்டாயம் வருவான்" என்றது.

பிறகு ஒவ்வொரு சக்கரத்திலும் இருந்த ஐந்து நட்டுகளில் ஒன்றைக் கழற்றி, பூட்டு நட்டு போட்டது. அதன் தலை பூப்போல நெளிந்திருந்தது. சாதாரண ஸ்பேனர் அதைப் பிடிக்காது. அதற்கென்று செய்த சாவிதான் பிடிக்கும்.

"அந்தச் சாவியைக் கொடு. காரின் டிராயரில் போட்டுவைக்கிறேன்" என்றது சிறுத்தை.

"போடுங்க! சக்கரத்தையும் நீங்களே கழற்றிக் கொடுத்திடுங்க!" என்று சீறியது பெருச்சாளி. "எல்லாரும் செய்யற தப்பே இதுதான். திருடன் முதல்ல அங்கேதான் கைவைப்பான். இதைக் கழுத்துல கட்டிக்கிட்டுத் தூங்குங்க!"

பிறகு அந்த நட்டுக்குப் பொருந்தாத வேறொரு சாவியை டிராயரில் போட்டது. காரைத் தூக்கினால் அலறும் மணி ஒன்றை அடியில் பொருத்தியது. புதரோரத்தை விட்டு, எல்லார் கண்ணிலும் படும்படி குளக்கரையில் காரை நிறுத்தச் சொன்னது.

மறுநாள் மதியம் எல்லாரும் மர நிழலில் உறங்கினார்கள். ஜாக்கியும் ஸ்பேனருமாகப் பதுங்கி வந்தது மேட்டுக்காட்டு நரி!

நான்கு நட்டுகள் தளர்ந்தன. ஐந்தாவது வழுக்கியது.

"ஓகோ, பூட்டா? சாவி எங்கே இருக்கும்னு எனக்கா தெரியாது!"

நரி கம்பியை விட்டுக் கதவைத் திறந்தது. டிராயரில் சாவி கிடைத்தது. நட்டில் வைத்துத் திருகிப் பார்த்தது. அசையவில்லை. "காரோட பாரம் அழுத்துது போல" என்று ஜாக்கியை வைத்துத் தூக்கியது.

ஒரு விரல் உயரம்தான் தூக்கியிருக்கும். மணி அலறியது! தூக்கம் கலைந்த எருமை நரியின் வழியை மறித்து நின்றது.

"சக்கரத்துல காத்து இருக்கான்னு பார்த்தேன்!" என்று இளித்தது நரி.

"காத்துப் பார்க்க ஜாக்கி எதுக்கு மாப்பிள்ளை?" என்றது எருமை. காடே சிரித்தது.

நரி ஒளித்துவைத்த சக்கரங்கள் இரண்டும் திரும்பி வந்தன. செய்தி கேட்டு வந்த மேட்டுக்காட்டுத் தலைவர் கரடி வெட்கப்பட்டது. "பந்தயமே வேண்டாம்மா. நீயே ஜெயிச்சதா வச்சுக்குவோம்."

"வேண்டாம் கரடியாரே! நரியை வரச் சொல்லுங்க. ஓடியே ஜெயிக்கிறேன்!"

பந்தயத்தில் நான்கு புதுச் சக்கரங்களும் மண்ணைக் கவ்விப் பறந்தன. நரி இரண்டாம் சுற்றில் திணறிக்கொண்டிருந்தபோதே சிறுத்தை கடைசிச் சுற்றான மூன்றாம் சுற்றை முடித்துவிட்டது! மறுநாள் காலை, தெளிந்த தண்ணீரில் முழங்கால் நனைய நின்று மான்குட்டிகள் வயிறாரக் குடித்தன.

ஒரு பொருளைக் காப்பாற்ற நினைப்பவர், திருடன் அதில் எங்கே கைவைப்பான் என்பதை அவனுக்கு முன்பே யோசித்துவிட வேண்டும்.