வேலியோர முள்ளுப்பழம்

"அம்மா, வேலியோரச் செடியை வெட்டித் தீ வச்சிரட்டுமா?"

கேட்டவர் சீடர் ஆவுடையப்பன். வயது அறுபது. குரு செங்கமலத்துக்கு நாற்பதுகூட ஆகவில்லை. மலை மேல் இரண்டு தகரக் கொட்டகை, ஒரு சுனை. ஆசிரமம் என்று பெயர்.

"எந்தச் செடி?"

"நான் வச்ச முள்ளுப்பழம்."

செங்கமலம் அரிசி களைவதை நிறுத்தவில்லை. "ஆசையா வளத்தீங்களே."

ஆசையாகத்தான் வளர்த்தார். காட்டுக்குள் ஓடைக்கரையில் கண்டுபிடித்த செடி அது. கொம்பின் நுனியை வளைத்து மண்ணில் புதைத்து, வேர் விட்டதும் வெட்டி, ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து வேலியோரம் நட்டார். முதல் வருடம் கையில் கீறல்தான் மிச்சம். இந்த வருடம் பழைய கொம்புகள் பூத்தன, காய்த்தன, கறுகறுவென்று பழுத்தும்விட்டன. பழுத்த நாளிலிருந்து மனிதருக்குத் தூக்கம் போயிற்று.

"நாளைக்குப் பௌர்ணமிம்மா. பிள்ளைகுட்டியோட ஜனம் வரும். வேலியில பழம் கிடந்தா சும்மா விடுவாங்களா?"

"தின்னுட்டுப் போகட்டும்."

"உண்ணிச்செடியும் உள்ள புகுந்து பின்னிக் கிடக்கு. அதுலயும் முள்ளு, அதுலயும் கறுப்புப் பழம். போன மாசம் கீழ்த் தோட்டத்துல உண்ணித்தழை தின்ன ஆடு வயிறு ஊதிச் செத்துச்சு. நானே பார்த்தேன்."

"அப்ப உண்ணியை மட்டும் வெட்டுங்க."

ஆவுடையப்பன் வேலிப் பக்கம் கை காட்டினார்.

"எது எதுன்னு எனக்கே இப்பத் தெரியலைம்மா. நான் கொண்டுவந்ததே வேற என்னமோன்னு தோணுது. கண்ணை மூடினா ஏதோ ஒரு பிள்ளை வாயில நுரை தள்ளிக் கிடக்கு. நான் வச்ச செடியால ஒரு உயிர் போச்சுன்னா?"

"நீங்க ஒண்ணு தின்னு பார்த்தீங்களா?"

"இல்லை. பயம்."

செங்கமலம் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "வாங்க."

வேலியோரம் ஆளுயரத்துக்கு முட்புதர். எந்த இலை எந்தச் செடியுடையது என்று பார்த்தவுடன் சொல்ல முடியாத அடர்த்தி.

செங்கமலம் பார்க்கவும் இல்லை. புதருக்குள் கையை விட்டார். பச்சைக் காய்க்கொத்து ஒன்றை ஒடித்தார். நேராக வாய்க்குக் கொண்டுபோனார்.

ஆவுடையப்பன் அந்தக் கையில் ஓங்கி அடித்தார். காய்கள் சிதறின. குருவின் கை முள்ளில் உரசி ரத்தம் கசிந்தது.

"எதுக்கு அடிச்சீங்க?"

"அது உண்ணிக்காய்ம்மா! பச்சைக்காயைப் போயி..."

"எது எதுன்னு உங்களுக்குத்தான் தெரியாதே."

"என்ன தெரியாது? இலையைப் பாருங்க, ரெண்டு ரெண்டா எதிரெதிரா நிக்குது. கசக்கினா நாறும். பழம் உதிரி உதிரியா கழண்டு வரும். முள்ளுப்பழத்துக்கு ஒரு காம்புல மூணு இலை, அடியில வெள்ளையா இருக்கும். மணியெல்லாம் ஒட்டி ஒரே பழமா வரும். கண்ணை மூடிக்கிட்டே சொல்..."

பாதியில் நிறுத்திவிட்டார்.

அவர் நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"நான் அடிக்கலைன்னா தின்னிருப்பீங்களாம்மா?"

செங்கமலம் தன் கையைப் பார்த்தார். கசிந்த ரத்தத்தைப் புடவையில் துடைத்தார்.

"எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு" என்றார். அந்தக் கையையே நீட்டினார். "நல்லாப் பழுத்ததா ஒண்ணு பறிச்சுக் குடுங்க."

ஆவுடையப்பன் எழுந்து புதருக்குள் கையை விட்டார். முதல் பழத்தைத் தன் வாயில் போட்டுக்கொண்டார். இரண்டாவதைக் குருவின் கையில் வைத்தார்.