ஆசோரைத் தள்ளிய செக்கரட்டரி

சபைச் செக்கரட்டரி ஞானாயுதத்துக்குத் தான் ராஜவம்சம் என்று ஒரு நினைப்பு. கிறிஸ்துமஸ் ஆராதனையில் கேக் வெட்டும் கத்தியோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தது அந்த ராஜவம்சம். கோயில் மணியடிக்கிற வேதமுத்து, இயேசுவின் வம்சவரலாற்றை வாசிக்க எழுந்தார்.

“ஏலே, ஆசோர், ஆகீம்னு ஊர்பேர் தெரியாத பயலுவளை எல்லாம் தள்ளு. ராஜாக்களை மட்டும் வாசி. மீறினா வேலை போயிரும்!” என்று உறுமினார் ஞானாயுதம்.

வேதமுத்து தாவீது ராஜாவில் தொடங்கி, எகொனியா ராஜாவோடு வேதத்தை மூடிவிட்டார்.

“இயேசு எங்கலே?”

“ராஜாக்க கதை பாபிலோன் சிறையோட முடிஞ்சுபோச்சு, ஐயா. அதுக்கப்புறம் பிள்ளை பெத்ததெல்லாம் நீங்க தள்ளச் சொன்ன பயலுவதான். அதனால இயேசு இன்னும் பிறக்கலை. கேக்கை உள்ள எடுத்து வச்சிரட்டுமா?”

கத்தியும் கையுமாகப் பேந்தப் பேந்த விழித்தது ராஜவம்சம்.