பல்லக்கில் வந்த பிலகரி

நெல்வாய் நாட்டில் பாட்டு கெட்டுப்போயிற்று. கெடுத்தது ராஜாவின் ஒரு வார்த்தை.

வெகு காலத்துக்கு முன் அந்த நாட்டை ஆண்டவன் இளஞ்சிங்க ராஜா. நினைத்ததைச் சொல்லுவான், சொன்னதை மறந்துவிடுவான். ஒருநாள், "எவர் ராகத்தை நீளமாகப் பாடுகிறாரோ அவருக்கே சால்வை!" என்றான். இதை மட்டும் மறக்கவில்லை.

அவ்வளவுதான். ஆஸ்தான வித்துவான் பஞ்சநாத பாகவதர் காலையில் ஒரு ராகத்தைப் பிடித்தால் உச்சிவேளைக்குத்தான் விடுவார். சொல் கிடையாது, பொருள் கிடையாது. சபையில் பாதிப்பேர் நழுவுவார்கள், மீதிப்பேர் கொட்டாவி விடுவார்கள். ராஜா குறட்டை விடுவான். விழித்ததும், "சபாஷ்! சால்வை!"

பாகவதருக்குப் பின்னால் உட்கார்ந்து பன்னிரண்டு வருஷம் தம்பூரா மீட்டியவர் ஒருவர். சபையில் அவருக்குப் பெயர் கிடையாது. "ஓய் தம்பூரா!" என்றால் அவர்தான். வாய் திறக்காதவர் காதைத் திறந்து வைத்திருந்தார். கேட்ட ராகங்களையெல்லாம் சின்னச் சின்னப் பாட்டாகக் கட்டினார். முதல் அடியிலேயே ராகத்தின் முகம் தெரியும். குளத்தில் வேட்டி துவைக்கும்போது பாடுவார். தண்ணீர் எடுக்க வந்த பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். அவர்களிடமிருந்து பாட்டு எண்ணெய்ச் செக்குக்கும் கடைத்தெருவுக்கும் போயிற்று.

பாகவதர் காதிலும் விழுந்தது. சபைக்கு ஓடிவந்தார்.

"பிரபு! ராகம் சமுத்திரம். இந்த ஆள் அதைச் சொம்பில் மொண்டு தெருத்தெருவாகக் கொடுக்கிறான்!"

தம்பூராக்காரர் எழுந்தார். "சமுத்திரத்தைப் பார்க்கலாம் பிரபு, குடிக்க முடியாது. தாகத்துக்குச் சொம்புதான்."

ராஜாவுக்குச் சிரிப்பு வந்தது. அதற்குள் கோபமும் வந்தது.

"வாய் நீளுதே! இந்தப் பாகவதர் எனக்குப் பத்து வருஷமாகப் பிலகரி ராகம் சொல்லிக்கொடுக்கிறார். ஒரு மண்ணும் வரவில்லை. பத்து நாளில் என்னைப் பாட வைப்பாயா?"

"வைக்கிறேன்."

"நான் பாடத்துக்கு உட்கார மாட்டேன்."

"வேண்டாம். பிரபு எப்போதும்போல இருந்தால் போதும்."

"பாட வைக்காவிட்டால் தம்பூராவை வைத்துவிட்டு எல்லையைத் தாண்டு. அப்புறம் உன் பாட்டை எவர் பாடினாலும் சவுக்கடி."

தம்பூராக்காரர் யோசித்தார். தான் போவது பெரிதில்லை. பாட்டு போய்விடுமே!

நேரே பல்லக்குத் தூக்கிகளின் கொட்டடிக்குப் போனார். ராஜா தினமும் காலையில் பல்லக்கேறி, ஏரிக்கரை ஏறி இறங்கிக் குளிக்கப் போவது வழக்கம். தூக்குகிறவர்கள் கால் ஒன்றாக விழ 'ஏலோ, ஏலோ' என்று குரல் கொடுப்பார்கள்.

"வேம்பா, அந்த ஏலோவுக்குப் பதில் ஒரு பாட்டு தரட்டுமா?"

தூக்கிகளின் தலைவன் வேம்பன் தலையைச் சொறிந்தான். "நாங்க பாட்டுக்காரங்க இல்லண்ணே."

"மூச்சு விடறியா இல்லையா?"

"விடறேன்."

"அது போதும்."

பிலகரி ஏறும்போது ஐந்து ஸ்வரம், இறங்கும்போது ஏழு. கரை ஏறும்போது எட்டி வைக்கும் கால், இறங்கும்போது சின்ன அடி. இரண்டையும் பொருத்திக் கட்டினார்: 'கரையேறி வாருமையா, கதிரேறும் வேளை.'

முதல் நாள் பல்லக்குக்குள்ளிருந்து, "என்னடா சத்தம்?" என்றான் ராஜா.

"கரையேற மூச்சுப் பிடிக்கணுமில்ல பிரபு!" என்றான் வேம்பன்.

பாடம் நடக்கிறதா என்று பார்க்கப் பாகவதர் அரண்மனை வாசலிலேயே காவல் கிடந்தார். தம்பூராக்காரர் அந்தப் பக்கமே வரவில்லை. பாகவதர் அவரைக் கடைத்தெருவில் மடக்கினார்.

"என்ன ஓய், பாடம் எது வரைக்கும் போயிருக்கு?"

"ஏரிக்கரை வரைக்கும்."

பாகவதருக்கு விளங்கவில்லை. சிரித்துக்கொண்டு போனார்.

ஒன்பதாம் நாள் தம்பூராக்காரர் ஏரிக்கரைப் புன்னை மரத்தடியில் நின்று காது கொடுத்தார். தூக்குகிறவர்கள் குரல்தான் கேட்டது. உள்ளே மௌனம். வீட்டுக்குப் போய்த் தம்பூராவைத் துடைத்து உறை போட்டார்.

பத்தாம் நாள். சபை நிறைந்திருந்தது. அவர் தம்பூராவை வேம்பனின் குரலுக்குச் சரியாகச் சுருதி கூட்டி மீட்டினார். வேறொன்றும் செய்யவில்லை.

"என்னைப் பாட வைப்பதாகச் சொன்னாயே? ஒரு நாள்கூட வரவில்லையே! யாரங்கே, ஓலை கொண்டுவா. தீர்ப்பு எழுதலாம்."

ஓலைக்குப் போனவன் தாமதித்தான். தம்பூரா ஒலித்துக்கொண்டே இருந்தது. ராஜாவுக்குச் சும்மா உட்கார்ந்து பழக்கமில்லை. கால் ஆடியது. பிறகு வாய் முணுமுணுத்தது. பிறகு குரலே வந்தது.

கண்ணை மூடிக் கேட்பது பாகவதர் வழக்கம். எத்தனை கர்வம் இருந்தாலும் அவர் காது பொய் சொல்லாது. கை தானாகத் தொடையில் தாளம் போட்டது.

"ஆஹா! பிலகரி! சுத்தமான பிலகரி! யாரய்யா அது?"

கண்ணைத் திறந்தார். திறந்த வாய் மூடவில்லை.

ராஜாவுக்கே திகைப்பு. "இதுவா பிலகரி? இது பல்லக்குப் பாட்டல்லவா!"

"பிலகரிதான் பிரபு. பல்லக்கில் வந்தது" என்றார் தம்பூராக்காரர்.

வாசலில் வேம்பன் கூவினான்: "பிரபு ஆறு நாளா உள்ளுக்குள்ள வாயசைக்கிறீங்க. எங்களுக்குத் தெரியும்!"

சபை கொல்லென்று சிரித்தது. ராஜாவும் சிரித்தான். பிறகு, "பாட்டின் கடைசி அடியில் கட்டியவர் பெயர் வருவது வழக்கமாயிற்றே. இதில் காணோமே?" என்றான்.

"தம்பூராக்காரன் பெயர் யாருக்கு வேண்டும் என்று விட்டுவிட்டேன்."

ராஜா திரும்பினான். "பாகவதரே, பன்னிரண்டு வருஷம் உமக்குப் பின்னால் உட்கார்ந்தவர். பெயரைச் சொல்லும்."

பாகவதர் விழித்தார். "தம்பூரா என்றே கூப்பிட்டு…"

"தெரியாது. எனக்கும் தெரியாது. அது என் வெட்கம்." ராஜா தன் தோள் சால்வையை எடுத்துத் தம்பூராக்காரருக்குப் போர்த்தினான். "நீளத்துக்குச் சால்வை இன்றோடு சரி. இனி சபையில் முதலில் பாட்டு. பிறகு ராகம், பாட்டுக்கு வேண்டிய அளவு. பாகவதரே, இந்தப் பாட்டை நீர் வேம்பனிடம் பாடம் கேட்டு வந்து பாட வேண்டும். கடைசி அடியில் பெயரோடு."

மறுநாள் காலை பாகவதர் பல்லக்குக்குப் பின்னால் மூச்சிரைக்கக் கரை ஏறினார். "எட்டி வைங்க சாமி, ஏறும்போது அஞ்சுதான்!" என்று வேம்பன் அதட்டினான். நாலாம் நாள் அவராகவே இன்னொரு பாட்டுக் கேட்டார்.

அடுத்த சபையில் ஒருவர்கூடக் கொட்டாவி விடவில்லை. வாசலில் தண்ணீர்க் குடத்தோடு பெண்கள் நின்றார்கள். அந்த நாட்டுக் கச்சேரி அன்றிலிருந்து பாட்டில்தான் ஆரம்பிக்கும். கடைசி அடி வந்ததும் பாகவதர் பின்னால் திரும்பி, தம்பூராக்காரர் முகத்தைப் பார்த்து, அந்தப் பெயரை நிறுத்திப் பாடினார்.

ஆபத்சகாயம்.