கொட்டாவிக்குப் பயந்தவர்

தொண்ணூறு நாவலும் பதினேழு படங்களுக்குக் கதையும் எழுதிக் கொடிகட்டிப் பறந்தவர் சிற்சபேசன். அறுபதாவது வயதில், தன்னைவிடப் பதினைந்து வயது இளைய தவமணி அம்மாவின் ஆசிரமத்தில் சீடராகச் சேர்ந்திருந்தார். வந்த நாளிலிருந்து ஒரே கவலை அவரை அரித்துக்கொண்டிருந்தது. ஒருநாள் காலை தாங்க முடியாமல் அம்மாவிடம் போய் உட்கார்ந்தார்.

“எங்க அக்கா கதையை எழுதணும்னு உக்கார்றேன் அம்மா. ஒவ்வொரு தடவையும் அது வேற கதையா மாறிடுது. எழுதாமலே போய்ச் சேர்ந்துடுவேனோன்னு பயமா இருக்கு.”

“அக்காவுக்கு என்ன ஆச்சு?”

“கிணத்துல விழுந்து செத்துப்போச்சு. அப்ப எனக்கு எட்டு வயசு. பக்கத்துலதான் நின்னேன். பயத்துல வாயே திறக்கலை.”

“சரி. தயாரிப்பாளர்கிட்ட சொல்வீங்களே, அந்த மாதிரி எனக்கும் சொல்லுங்க.”

கதை சொல்வதில் மனுஷன் கில்லாடி. எதிரில் இருப்பவர் நெளிந்தால் கதையில் ஒரு சண்டை வந்துவிடும். கடிகாரத்தைப் பார்த்தால் நடக்கவிருந்த கல்யாணம் நின்றுபோகும். முகத்தைப் பார்த்துக் கதையைத் திருப்புகிற அந்தச் சாமர்த்தியம்தான் சினிமாவில் அவருக்குச் சோறு போட்டது.

சொல்ல ஆரம்பித்தார். விடிகாலைக் கிணறு, அக்காவின் பச்சைப் பாவாடை, பாசி படிந்த படிக்கட்டு. அம்மா கவனமாகக் கேட்டார். அக்கா கால் வழுக்கி விழுந்தாள். அம்மா கொட்டாவி விட்டார்.

சிற்சபேசனுக்குத் திக்கென்றது. குரலை உயர்த்தினார். அம்மா இன்னொரு கொட்டாவி விட்டார். அவர் சட்டென்று கதையைத் திருப்பினார்.

“உடனே அந்தப் பையன் ஓன்னு கத்தினான். தோட்டத்துல தண்ணி பாய்ச்சிக்கிட்டிருந்தவர் ஓடி வந்து குதிச்சாரு. முடியைப் பிடிச்சு இழுத்து மேல கொண்டுவந்துட்டாரு. அக்கா கண்ணைத் திறந்து, ‘தம்பி’ன்னு கூப்பிட்டுச்சு.”

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். அதைப் பார்த்த பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

“நல்லா இருக்கே,” என்றார் அம்மா. “அக்கா இப்ப எங்க இருக்காங்க?”

சிற்சபேசன் வாயைத் திறந்தார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, எட்டு வயதில் அழாததையெல்லாம் சேர்த்து அழுதார்.

அழுகை அடங்கும்வரை அம்மா காத்திருந்தார்.

“மறுபடியும் முதல்லேர்ந்து சொல்லுங்க,” என்றார். “நான் தூங்கியே போனாலும் நிறுத்தாதீங்க.”