நாற்பது வருஷத்துச் சுதி

நெடுங்காவூர் அரண்மனையில் வேலையே இல்லாத ஒரு வாரம் வந்தது. சண்டை இல்லை, வழக்கு இல்லை, பிடித்து உதைக்க ஒரு திருடன்கூட இல்லை. அப்படிப்பட்ட வாரங்களில்தான் நரஹரி பண்டிதருக்கு யோசனை வரும்.

இந்தத் தடவை அது ஒத்துக்காரர் பக்கிரியின் தலையில் விழுந்தது. நாகஸ்வரத்துக்குத் துணையாக ஒரே ஸ்வரத்தை விடாமல் ஊதிக்கொண்டிருப்பதுதான் ஒத்து. நாற்பது வருஷமாகப் பக்கிரிக்கு அதுதான் பிழைப்பு. ஆனால் அவர் அதைச் 'சுதி' என்கிறாராம். 'ச்ருதி' என்று சொல்லத் தெரியாதவன் அதை ஊதலாமா என்று பண்டிதர் கொதித்தார். மன்னர் சேதுராயருக்கும் பொழுது போகவில்லை. நாளை சபையில் பக்கிரி அந்தச் சொல்லைப் பிசகில்லாமல் உச்சரித்து அர்த்தமும் சொல்ல வேண்டும், தவறினால் சந்நிதித் தெரு வீட்டைக் காலி செய்துவிட்டுப் போக வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

பக்கிரி, அமைச்சர் கூத்தபிரானிடம் வந்து நின்றார்.

"நாக்கு புரள மாட்டேங்குதுங்க. ஊதச் சொன்னா ஊதுவேன்."

"அப்படியானால் ஊதும். நான் கையைக் காட்டினால் மட்டும் நிறுத்தும்" என்றார் கூத்தபிரான்.

அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. மன்னர் உட்கார்ந்ததும் முதலில் ஒத்து கிளம்பும். பிறகுதான் யாரும் வாய் திறக்கலாம். மறுநாள் பக்கிரி ஊத ஆரம்பித்ததும் கூத்தபிரான் எழுந்தார். தப்பைக் கண்டுபிடிக்கச் சரியானது தெரிய வேண்டாமா, முதலில் பண்டிதர் வாயாலேயே கேட்டுவிடுவோம் என்று பணிவாக வேண்டினார். பணிவாகக் கேட்டால் பண்டிதர் எதையும் மறுக்க மாட்டார், அதிலும் பேசுவதை.

'ச்ருதி' என்று அட்சரசுத்தமாகத் தொடங்கினார். கேட்கப்படுவது என்று ஓர் அர்த்தம். வேதம் என்று ஒன்று. காது என்று ஒன்று. எல்லா ஸ்வரமும் ஊன்றி நிற்கும் ஆதார ஒலி என்று இன்னொன்று. அர்த்தத்துக்கு ஒரு சுலோகம் வீதம் பாடியே காட்டினார். குரல் ஒத்தின்மேல் வெண்ணெயாக உட்கார்ந்தது. சபை தலையாட்டியது. பண்டிதருக்கே தம் குரல் பிடித்துப்போய்க் கண்ணை மூடிக்கொண்டார்.

கூத்தபிரான் கையைக் காட்டினார். ஒத்து நின்றது.

பண்டிதர் நிற்கவில்லை. அடுத்த சுலோகத்தில் குரல் சரிந்தது. அதற்கடுத்ததில் எங்கோ ஏறிக்கொண்டு இறங்க வழி தெரியாமல் தவித்தது. தோட்டத்து மயில் ஒன்று பதில் குரல் கொடுத்தது.

"இதற்கு என்ன அர்த்தம், கூத்தபிரான்?" என்றார் மன்னர், காதிலிருந்து விரலை எடுக்காமலே.

"சொல்லைச் சரியாகச் சொன்னவர் பண்டிதர், மகாராஜா. பண்டிதரைச் சரியாகச் சொல்ல வைத்தவர் பக்கிரி. யார் வீட்டைக் காலி செய்வது என்று தாங்களே சொல்லிவிடுங்கள்."

மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பக்கிரிக்கு வீடும் நிலைத்தது, ஒரு பட்டும் கிடைத்தது. பண்டிதர் இனி ஒத்து இல்லாமல் சபையில் பேசக் கூடாது என்று உத்தரவாயிற்று.

மறுநாளே பண்டிதருக்கு இன்னொரு யோசனை வந்துவிட்டது. பக்கிரியோ அவசரமே இல்லாமல் ஒத்தின் வாயில் செருகும் சீவாளியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பண்டிதரால் பொறுக்க முடியவில்லை. பக்கிரியின் காதருகே குனிந்தார்.

"சீக்கிரம் ஐயா, கொஞ்சம் சுதி கொடும்."