மூக்காயி தோண்டிய தீக்கோடு

மூக்காயி என்ற காட்டுப்பன்றி குட்டி போட்டுச் சில நாட்கள்தான் ஆகியிருந்தன. குளத்தங்கரை மூங்கில் புதருக்குள் வரிவரியான குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் பால் குடித்தன. அவற்றுக்கு இன்னும் நேராக நிற்கவே தெரியாது. அப்புறம் எங்கே ஓடுவது?

அது பங்குனி மாதக் கடைசி. மரங்கள் துளிர்விட்டிருந்தன. ஆனால் தரை காய்ந்து கிடந்தது. காட்டுக்கும் மேற்கு மலைக்கும் நடுவே பெரிய புல்வெளி ஒன்று இருந்தது. மான் நின்றால் கொம்பு மட்டும்தான் தெரியும், அவ்வளவு உயரமான புல். அத்தனையும் காய்ந்து மஞ்சளாகி, சின்னக் காற்றுக்கே சரசரத்தது.

அன்று காலை உழவாரக் குருவி வந்தது. நாள் முழுக்க வானத்திலேயே சுற்றும் குருவி அது. மேகம் எங்கே திரள்கிறது, காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது என்று அதற்குத்தான் முதலில் தெரியும். பறந்தபடியே குளத்துத் தண்ணீரை அலகால் அள்ளிக் குடித்துவிட்டு, அது உரக்கக் கூவியது.

"எல்லோரும் கேளுங்கள்! வரப்போகிற நாட்களின் வானிலையைச் சொல்கிறேன்! ஆற்றங்கரைக் காட்டுக்கு நல்ல மழை உண்டு. கிழக்குக் கரட்டுக்குப் புழுதிக்காற்று மட்டும்தான். உங்களுக்குத்தான் கெட்ட சேதி! மேற்கிலிருந்து பலத்த காற்று வரும். இடி வரும், மின்னல் வரும். மழை மட்டும் வராது!"

"மழை இல்லாமல் மின்னலா?" என்று மரத்தில் இருந்த மந்தி கேட்டது.

"ஆமாம்! மலைக்கு அந்தப் பக்கம் அப்படித்தான் ஆனது. காய்ந்த மரத்தில் மின்னல் விழுந்தது. காற்று அந்தத் தீயைத் தூக்கிக்கொண்டு ஓடியது. இப்போது அங்கே ஒரு பச்சை இலைகூட இல்லை!"

மூக்காயி புதரை விட்டு வெளியே வந்தது. "இங்கே எப்போது வரும்?"

"நாளைக்கே வரலாம். கொஞ்ச நாள் கழித்தும் வரலாம். ஆனால் வராமல் போகாது!" என்று சொல்லிவிட்டு, குருவி அடுத்த காட்டைப் பார்த்துப் பறந்தது.

மூக்காயி புல்வெளியையே பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு மற்ற விலங்குகளைக் கூப்பிட்டது.

"தீ நம்மிடம் வர வேண்டுமென்றால் அந்தப் புல் வழியாகத்தான் வர வேண்டும். காட்டோரமாக நீளத்துக்குப் புல்லைப் பிடுங்கி மண்ணைப் புரட்டிப் போட்டுவிடுவோம். வெறும் மண்ணில் தீ எதைத் தின்னும்? அங்கேயே நின்றுவிடும்."

"யோசனை நன்றாகத்தான் இருக்கிறது, அக்கா" என்றது முள்ளம்பன்றி. "ஆனால் அது யாருடைய புல்?"

அது புலியின் புல். அதற்குள் பதுங்கித்தான் புலி வேட்டையாடும். புலி அரசனாக இருந்ததே அந்தப் புல்லின் தயவில்தான்.

"கேட்டுப் பார்ப்போம்" என்றது மூக்காயி.

புலி காட்டை ஒட்டிய புல்வெளி ஓரத்தில் ஒரு பெரிய பாறையின் நிழலில் படுத்திருந்தது. பக்கத்தில் கழுதைப்புலி எலும்பு ஒன்றைக் கடித்துக்கொண்டிருந்தது. அரசன் பேச வேண்டியதையெல்லாம் பெரும்பாலும் அதுதான் பேசும்.

மூக்காயி விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் கழுதைப்புலி சிரித்தது.

"ஒரு குருவி சொன்னதாம்! அதைக் கேட்டு ஒரு பன்றி நடுங்குகிறதாம்! அரசே, கேட்டீர்களா?"

புலி சோம்பலாக ஒரு கண்ணைத் திறந்தது. "சித்திரையில் கோடை மழை பெய்யும். எப்போதும் பெய்கிறது. என் புல்லில் ஒரு தாளைத் தொட்டாலும் தொலைத்துவிடுவேன். போ!"

"அரசே, என் குட்டிகளால் ஓட முடியாது!"

"அது என் கவலை இல்லை" என்று சொல்லிவிட்டுப் புலி கண்ணை மூடிக்கொண்டது.

விலங்குகள் திரும்பி நடந்தன. குளத்தங்கரைக்கு வந்ததும் மான்கள் மெல்ல நழுவின. மந்திகள் மரமேறின. மூக்காயி மட்டும் குளத்துக்குள் இறங்கி உடம்பு முழுக்கச் சேறு பூசிக்கொண்டது. பிறகு நேராகப் புல்வெளிக்குப் போனது. பட்டப்பகலில், எல்லோரும் பார்க்க, மூக்கை மண்ணுக்குள் விட்டு முதல் புல்புதரை வேரோடு கவிழ்த்தது.

"அக்கா, வேண்டாம்! கொன்றுவிடும்!" என்று முள்ளம்பன்றி பின்னாலேயே ஓடி வந்து கத்தியது.

"கொல்லட்டும். நான் சும்மா இருந்து என் குட்டிகள் வேகுவதைப் பார்க்க மாட்டேன்!"

முள்ளம்பன்றியும் குனிந்து தோண்ட ஆரம்பித்தது.

கழுதைப்புலி போய்ச் சொல்லாமல் இருக்குமா? சற்று நேரத்தில் புல் அசைந்தது. புலி வெளியே வந்தது. அதன் உறுமலில் மரத்திலிருந்த பறவைகள் எல்லாம் எழுந்து பறந்தன.

"யாரைக் கேட்டுத் தோண்டுகிறாய்?"

மூக்காயி தோண்டிய மண்ணின்மேல் நான்கு காலையும் ஊன்றி நின்றது.

"உன்னைத்தான் கேட்டேன். நீ தூங்கிவிட்டாய்!"

"என்ன திமிர்!"

"என்னைத் தின்றால் இன்று ஒரு வேளை உன் வயிறு நிறையும். தீ வந்துவிட்டுப் போனபின் நீ தின்ன இந்தக் காட்டில் யார் இருப்பார்கள்? பாய்வதானால் பாய்! நான் நகர மாட்டேன்!"

புலி பதுங்கியது. அந்த நேரம் முள்ளம்பன்றி மூக்காயிக்கு முன்னால் வந்து முள்ளையெல்லாம் விரித்து நின்றது. பின்னால் தரை அதிர்ந்தது. கிழட்டுக் காட்டெருமை ஒன்று கொம்பைத் தாழ்த்திக்கொண்டு வந்தது. அதன் பின்னால் இன்னும் நான்கு காட்டெருமைகள்.

"நாங்களும் குருவி சொன்னதைக் கேட்டோம்" என்றது கிழட்டுக் காட்டெருமை.

புலி முள்ளைப் பார்த்தது. கொம்புகளைப் பார்த்தது. ஒரு பன்றிக்காக இவ்வளவு காயம் படுவதா என்று யோசித்தது.

"தோண்டித் தொலையுங்கள்! என் பாறையடியில் மட்டும் யாராவது கால் வைத்தால் நடப்பதே வேறு!" என்று உறுமிவிட்டுத் திரும்பிப் போனது.

அதற்கப்புறம் வேலை வேகமாக நடந்தது. மற்ற பன்றிகளும் வந்து கிளறின. காட்டெருமைகள் மிதித்துத் துவைத்தன. வெட்கப்பட்டுக்கொண்டே மான்களும் வந்து, பிடுங்கிய புல்லை இழுத்து மலைப்பக்கமாகத் தள்ளின. புல்வெளி ஓரமாகத் தீயைத் தடுக்கும் கோடாக அகலமான மண்பட்டை ஒன்று நீண்டுகொண்டே போனது. பாறையடி மட்டும் பாக்கி.

"அதையும் தோண்டியாக வேண்டும்" என்றது மூக்காயி. "சின்ன இடைவெளி போதும், தீ நுழைந்துவிடும்."

"புலி எழுந்து வேட்டைக்குப் போகட்டும், அக்கா" என்றது முள்ளம்பன்றி.

ஆனால் காற்று காத்திருக்கவில்லை. மறுநாள் மதியமே மேற்கு வானம் கறுத்தது. புழுதி கிளம்பியது. இடி இடித்தது. ஒரு சொட்டு மழை இல்லை! மலை உச்சியில் மின்னல் இறங்கிய இடத்திலிருந்து புகை எழுந்தது. காற்று தீயைச் சரிவில் உருட்டிவிட்டது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே புல்வெளியின் மறுகோடி முழுக்கத் தீ!

தீ இரைச்சலோடு ஓடி வந்தது. மண்பட்டை வரைக்கும் வந்தது. தின்ன எதுவும் கிடைக்காமல் அங்கேயே எரிந்து அடங்கியது. பறந்து வந்த பொறிகளை மந்திகள் பச்சைக் கிளைகளால் அடித்து அணைத்தன.

"பாறையடி! பாறையடி!" என்று மேலே மந்தி ஒன்று அலறியது.

புல்லைக் கிழித்துக்கொண்டு புலி வெளியே பாய்ந்து வந்தது. மீசை கருகியிருந்தது. பின்னால் கழுதைப்புலி ஊளையிட்டபடி வந்தது. இரண்டும் புரட்டிய மண்ணில் வந்து விழுந்து மூச்சு வாங்கின. அவற்றை விரட்டிக்கொண்டு தீயும் அந்த இடைவெளிக்கு நேராக வந்தது. இடைவெளிக்கு நேர் பின்னால்தான் மூங்கில் புதர். அதற்குள்தான் குட்டிகள்.

மூக்காயி எதையும் யோசிக்கவில்லை. இடைவெளிக்குள் ஓடி மூக்கை மண்ணில் குத்தியது. மண் சுட்டது. காதோர மயிர் பொசுங்கியது. காட்டெருமைகள் ஓடி வந்து புல்லை மிதித்தன. முள்ளம்பன்றி இருமிக்கொண்டே பறித்தது. அப்படியும் ஆள் போதவில்லை. மூக்காயி தலையைத் தூக்கிப் பார்த்தது. புலி ஓரமாக நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது.

"என்ன பார்த்துக்கொண்டு நிற்கிறாய்?" என்று மூக்காயி கத்தியது. "காலில் நகம் இருக்கிறது அல்லவா? தோண்டு!"

"அரசரைப் பார்த்தா இப்படி…" என்று கழுதைப்புலி ஆரம்பித்தது.

"நீயும்தான்! தோண்டு!"

புலி தீயைப் பார்த்தது. மூக்காயியைப் பார்த்தது. தீயின் கோபம் பெரிதா, மூக்காயியின் கோபம் பெரிதா என்று அதற்கே புரியவில்லை. குனிந்து, இரண்டு முன்னங்கால்களாலும் மண்ணை வாரி வாரி இறைத்தது.

தீ மூங்கில் புதரின் ஒரு மூலையைத் தொட்டது. நான்கைந்து மூங்கில்கள் வெடித்துக் கருகின. அதற்குள் பாறையடியும் வெறும் மண்ணாகிவிட்டதால் தீ அதோடு நின்றது. உள்ளே குட்டிகள் பசியில் வீறிட்டுக்கொண்டிருந்தன. மூக்காயி வெந்த காதோடு போய்ப் படுத்துக்கொண்டு அவற்றுக்குப் பால் கொடுத்தது.

மறுநாள் காலை புல்வெளி முழுக்கச் சாம்பல். காடு பச்சையாக இருந்தது. கழுதைப்புலி குளத்தங்கரைக்கு வந்து தொண்டையைக் கனைத்தது.

"அரசர் ஆணை! இந்தக் காட்டைக் காப்பாற்ற, கோடு தோண்டும்படி அனுமதி கொடுத்தவர் நம் அரசர்தான். இனி எல்லோரும் அப்படித்தான் சொல்ல வேண்டும்! அரசருக்கு நன்றியும் சொல்ல வேண்டும்!"

மான்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. மந்திகள் சொறிவதை நிறுத்தின. மூக்காயி குட்டிகளை ஒதுக்கிவிட்டு எழுந்து வந்தது.

"அவர் அனுமதி கொடுக்காமல்தானே தோண்ட ஆரம்பித்தோம்! உன் அரசரிடம் போய்ச் சொல். நேற்று நன்றாகத் தோண்டினார். அதற்கு வேண்டுமானால் நாங்கள் நன்றி சொல்கிறோம்!"

குளத்தங்கரை முழுக்கச் சிரிப்பு எழுந்தது. கழுதைப்புலியின் சிரிப்பு மட்டும் அதில் இல்லை.

ஆபத்து வருவது தெரிந்துவிட்டால், தன்னையும் தன்னைச் சேர்ந்தவர்களையும் காத்துக்கொள்ள யாரும் யாருடைய அனுமதிக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.